பறவைப் படத்தின் குறையைச் சொல்வதும் கேட்டுக்கொள்வதும்

வேடந்தாங்கலிலிருந்து திரும்பிய நண்பர் தாம் எடுத்த படத்தைக் காட்டும்போது ‘அருமை’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அடுத்த முறை கேமராவில் எதை மாற்ற வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஆகவே குறை சொல்ல முன்வருபவர், கைபேசித் திரையில் பார்த்ததை வைத்து முடிவுசெய்யாமல், கணினியில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, முதலில் பறவையின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

‘தெளிவாக இல்லை’ என்பதோடு நிறுத்துவதும் போதாது. தெளிவின்மை எதனால் வந்தது என்பதைப் படமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பறவையும் கிளையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து சிறகு மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை திறந்து மூடும் வேகம், போதவில்லை. பறவை மங்கி, பின்னாலுள்ள இலைகள் துல்லியமாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. காரணத்தைச் சொன்ன கையோடு வழியையும் சொல்லுங்கள்: பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் தொடங்கலாம், அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) கூடினாலும் பரவாயில்லை, ஏனெனில் அதனால் படத்தில் விழும் புள்ளிகளைப் பின்னர் ஓரளவு குறைக்க முடியும், கலங்கிய கண்ணை மீட்பது கடினம்.

நான் எடுத்த வெண்கொக்குப் படம் ஒன்றைப் பார்த்த மூத்தவர் ஒருவர், அதன் முதுகில் விரலை வைத்து, “இந்த இடத்தில் ஓர் இறகாவது தெரிகிறதா?” என்று கேட்டார். தெரியவில்லை, வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. சட்டகத்தில் பெரும்பகுதி கருத்த நீராக இருந்ததால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது என்றும், இத்தகைய வேளையில் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதி வரை, குறைத்து, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மிக வெளிச்சமான பகுதிகளைக் காட்டும் வலது ஓரத்தைக் கவனிக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். இடம், காரணம், மாற்று மூன்றும் அந்த ஒரே பேச்சில் இருந்தன. நல்ல விமர்சனம் என்று நான் கருதுவது இதைத்தான்.

படம் எடுத்த சூழலையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் நின்று, நீருக்குள் இருக்கும் மரத்து நாரைகளை எடுத்தவரிடம் ‘இன்னும் அருகில் போயிருக்கலாம்’ என்பது பயனற்றது. காலைச் சாய்வொளிக்கு முன்னதாக வந்து சேரச் சொல்வது பயனுள்ளது. கூட்டை நெருங்கித் தாய்ப்பறவையைக் கலைத்து எடுத்த படமென்றால், அதன் நேர்த்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் செயலை மறுத்துச் சொல்லியே ஆக வேண்டும். தாய் எழுந்துபோனால் முட்டைகள் வெயிலில் கிடக்கும்.

கருத்துக் கேட்பவர் இருபது படங்களைக் கொட்டாமல் ஒன்றைக் கொடுத்து, ‘பின்னணி பறவையை விழுங்குகிறதா?’ என்பதுபோல் குறிப்பாகக் கேட்பது நல்லது. சேற்றில் மூன்று மணி நேரம் காத்திருந்த கதையை முதலில் சொல்லாதீர்கள். அது பார்ப்பவரின் வாயை அடைத்துவிடும். சொன்னதை மறுக்காமல் குறித்துக்கொண்டு மறுநாள் படத்தை மீண்டும் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் உறுத்துவது ரசனை வேறுபாடாக இருக்கலாம். தொடர்பில்லாத இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே திருத்த ஏதோ இருக்கிறது. அடுத்த பயணத்தில் அந்த ஒன்றை மட்டும் மாற்றி எடுத்து, பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, குறை சொன்னவரிடமே காட்டுங்கள்.