அக்கசாலைப் பிழையா, பிற்காலச் சேதமா: பழைய நாணயங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாணயம் மற்றவற்றைப் போல இல்லை என்பதற்காகவே அதை அக்கசாலைப் பிழை, அதாவது நாணயம் அடிக்கும் சாலையிலேயே நேர்ந்த பிழை என்று முடிவு செய்வதுதான் சேகரிப்பாளர்கள் அதிகம் செய்யும் தவறு. சுத்தியலும் அமிலமும் ரயில் தண்டவாளமும் ஒவ்வொரு காசையும் வெவ்வேறு விதமாகச் சிதைப்பதால், சேதமடைந்த ஒரு காசு இன்னொன்றைப் போல இருப்பதே இல்லை. எனவே அரிதாகத் தெரிவது எதற்கும் சான்றாகாது. வில்லையை, அதாவது காசாக அடிக்க வேண்டிய வெற்று உலோக வட்டத்தை வெட்டுவது, அதன் விளிம்பை உயர்த்துவது, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவது ஆகிய வேலைகளில் எந்தக் கட்டத்தில் இந்தக் கோளாறு நேர்ந்திருக்க முடியும் என்று கேட்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால், அது வெளியே வந்த பிறகு நேர்ந்தது என்றே வைத்துக்கொள்வது நல்லது.

விளிம்பில் பிறை வடிவில் குறைந்த காசை எடுத்துக்கொள்வோம். உலோகத் தகட்டில் வெட்டும் கருவி முன்பு வெட்டிய துளையின் மேல் சற்று ஏறி விழுந்தால் இந்தக் குறை உண்டாகிறது. அந்த வில்லையை விளிம்பு உயர்த்தும் பொறியில் உருட்டும்போது, குறையுள்ள இடத்தில் பிடிமானம் இல்லாததால், நேர் எதிர்ப்புற விளிம்பும் சரியாக எழும்புவதில்லை. எனவே உண்மையான பிழையில் எதிர்ப்புறம் பெரும்பாலும் மங்கித் தட்டையாக இருக்கும். குறையை ஒட்டிய எழுத்துகளும் சற்று இழுபட்டிருக்கும். பின்னாளில் வெட்டிய காசிலோ எழுத்து பாதியில் பட்டென்று நின்றுவிடும், எதிர்ப்புற விளிம்பு பழுதில்லாமல் இருக்கும். வெட்டுப்பட்ட ஓரத்தை மட்டும் படமெடுத்துக் காட்டுபவரிடம் விலை பேசாதீர்கள்.

எழுத்துகள் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்த காசும் பலரை ஏமாற்றுகிறது. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன் மேல் அழுந்தும்போது உண்மையான தலைகீழ்ப் பதிவு பிறக்கிறது. முழுமையாக அப்படிப் பதிந்த பக்கத்தில் இயல்பான வடிவம் எதுவும் இருக்காது. பட்டறைப் பிடியில் இரண்டு காசுகளைச் சேர்த்து நெருக்கியும் இப்படிப் பள்ள எழுத்துகளை உண்டாக்கலாம். ஆனால் அதில் பழைய வடிவம் நசுங்கியபடி அடியில் மிஞ்சியிருக்கும்.

இரட்டை எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அச்சிலேயே இரட்டித்திருந்தால் இரண்டாவது உருவமும் உருண்டு, முழு உயரத்தோடு நிற்கும். அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்தது தட்டையான படி போலத் தாழ்ந்திருக்கும். பின்னது அக்கசாலைக்குள் நிகழ்ந்ததுதான் என்றாலும், சேகரிப்பாளர்கள் அதற்குப் பொதுவாகக் கூடுதல் விலை தருவதில்லை.

இயந்திர நாணயத்தின் அளவுகோலைக் கையால் அடித்த காசுக்குப் பொருத்துவது இன்னொரு தவறு. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசுகளிலும் முகலாய ரூபாய்களிலும் வடிவம் ஒருபக்கம் ஒதுங்கி எழுத்து பாதி விடுபட்டிருப்பது அக்காலத்து இயல்பே. முகலாய வெள்ளி ரூபாயில் காணும் சின்னஞ்சிறு குத்துக் குறிகள் சராப்புகள் எனப்பட்ட நாணயமாற்று வணிகர்கள் வெள்ளியைச் சோதித்து இட்டவை. அவை சேதம்தான், ஆனால் வரலாறு உள்ள சேதம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ அக்கசாலையில் அடித்து, 1809 ஜனவரியில் அட்மிரல் கார்டனர் கப்பலோடு மூழ்கிய 1808ஆம் ஆண்டு பத்து, இருபது காசு நாணயங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் எழுத்து அழிந்திருந்தால் காரணம் உப்புநீர் அரிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அரித்த பரப்பு உருப்பெருக்கியில் சொரசொரப்பாகத் தெரியும்.

1943 முதல் 1947 வரை வந்த ஒரு பைசாவின் நடு ஓட்டை போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்தச் செய்த வடிவமைப்பு. வேறு காசில் ஓட்டை இருந்தால், கோத்து அணியத் துளைத்ததா என்று முதலில் பாருங்கள். துளையின் ஓரத்தில் பிசிறு எழும்பியிருக்கும். காசுமாலையிலிருந்து பிரித்த வெள்ளி ரூபாய்களில் வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் நிற்கும், அதை அரம் போட்டு மறைப்பவர்களும் உண்டு. இதற்கிடையில் 1911ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் ரூபாயில் யானை பன்றியைப் போலத் தெரிகிறதே என்று அதையும் பிழைக் காசு என்பார்கள். அது வடிவமைப்பில் வந்த வினை, அடித்ததில் பிழை எதுவும் இல்லை.

மெலிந்த காசைத் தவறான வில்லையில் அடித்தது என்று சொல்வதற்கு முன் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துப் பாருங்கள். அமிலத்தில் ஊறிய காசு எடை குறைவதோடு, எழுத்துகளும் விளிம்பும் ஒரே சீராகக் கரைந்து மெலிந்திருக்கும். வேறு வில்லையில் அடித்ததாயின் எடையும் உலோகமும் அக்காலத்தில் அந்த அக்கசாலை அடித்த வேறொரு நாணயத்தோடு பொருந்த வேண்டும். இந்தச் சோதனைகள் முடியும் வரை புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். பரப்பின் பழைய படிவு அழிந்தால், வெட்டும் கீறலும் எவ்வளவு பழையவை என்று காட்டும் தடயமும் அதோடு போய்விடும்.