காசிமேட்டை அரூபமாக்கும்போது தவிர்க்க வேண்டியவை

கணினியில் அரூப ஓவியம் செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் காணும் தவறு, எதையும் பார்க்காமலேயே புரோகிராமைத் திறந்து உட்கார்ந்துவிடுவது. அரூபத்தில் உருவம் இல்லை, ஆகவே கவனிக்க வேண்டியதும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உருவத்தை விட்டுவிட வேண்டுமானால், எதை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டையே எடுத்துக்கொள்வோம். படகையும் மீனையும் நீக்கிவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்? நெருக்கமும் இடைவெளியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். தடை முடிந்ததும் துறைமுகம் காலியாகும். இதை ஒரு விதியாக எழுதலாம்: 365 பட்டைகள், அவற்றில் 61-ல் மட்டும் கோடுகள் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவற்றில் விலக வேண்டும். படகு என்று ஒன்றைக்கூட வரைய வேண்டியதில்லை. ஆனாலும் படம் காசிமேட்டிலிருந்து வந்ததாகவே இருக்கும். திருவொற்றியூர், மணலி சாலைகளில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் கன்டெய்னர்களும் அப்படித்தான். நீளமான கன்டெய்னர் 40 அடி நீளம், எட்டரை அடி உயரம். மனம்போன அளவில் செவ்வகம் போடுவதை விட இந்த விகிதத்தில் போட்டுப் பாருங்கள், படத்துக்கு ஒரு கனம் வந்துவிடும்.

கணினி ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான, ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் 1968-ல்தான் கணினியைத் தொட்டார். அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பிருந்தே, கற்பனையில் ஒரு இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொண்டு, விதிகளை எழுதிக் கையாலேயே வரைந்துகொண்டிருந்தார். விதி முதலில், இயந்திரம் அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர்களின் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, ஏனென்றால் அங்கே முடிவெடுத்தது மென்பொருள்தான். ஏஐ-யிடம் ‘வடசென்னை, அரூப ஓவியம்’ என்று தட்டச்சு செய்து, வந்ததை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் எனக்குள்ள வருத்தம் இதுதான்.

அடுத்தது ‘ரேண்டம்’, அதாவது எண்களைக் கணினியே தற்செயலாக எடுத்துக்கொள்ள விடுவது. ப்ராசஸிங், பி5 போன்ற, நிரல் எழுதிப் படம் வரையும் கருவிகளில் தொடங்குகிற எல்லோரும் இதில் விழுகிறார்கள். இடம், அளவு, நிறம் என எல்லாவற்றையும் ரேண்டமாக விட்டால் கிடைப்பது புள்ளிக் குப்பை. ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணோடு தொடர்பில்லாமல் வருவதால் கண் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அலை, புகை, வலையின் தொய்வு போன்றவற்றுக்கு ‘நாய்ஸ்’ வேண்டும். கென் பெர்லின் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. திரைப்படங்களில் அது பயன்பட்டதற்காக 1997-ல் அவருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. அதில் பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் நெருங்கியே வரும், அதனால் ஓட்டம் கிடைக்கும். சரி, நாய்ஸ் போதுமா என்றால், அதுவும் போதாது. நாய்ஸ் மட்டும் வைத்துச் செய்த அலைக்கோட்டுப் படங்கள் உலகம் முழுக்க ஒரே சாயலில் குவிந்து கிடக்கின்றன. அந்த ஓட்டத்தை எது தடுக்கிறது, எங்கே அறுக்கிறது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கோலத்தை ஸ்கேன் செய்து பின்னணியில் ஒட்டுவதையும் விட்டுவிடலாம். சிக்குக் கோலமே ஒரு நிரல்: முதலில் புள்ளிகள், பிறகு புள்ளியைத் தொடாமல் வளைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் இழை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-லேயே கோலங்களைக் கணினியியல் இலக்கணமாக விளக்கி ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள். புளியந்தோப்புச் சந்துகளில் வாசல் எவ்வளவோ அவ்வளவுக்குப் புள்ளியைக் குறைத்துக்கொண்டு போடுகிறார்கள். எடுக்க வேண்டியது அந்தச் சாமர்த்தியத்தைத்தான்.

நிறத்தில் இரண்டு தவறுகள் என்னை உறுத்துகின்றன. வடசென்னை என்றாலே சாம்பல், கறுப்பு, ரத்தச் சிவப்பு என்று எடுத்துக்கொள்வது ஒன்று. ஃபைபர் படகின் நீலத்தையும் நைலான் வலையின் பச்சையையும் தினமும் பார்க்கிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். இன்னொன்று இதற்கு எதிர்ப்பக்கம்: துயரத்தை அழகான வண்ணக் கலவையாக்கிவிடுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போய், மீனவர்களின் பிழைப்பே நின்றது. அதை வானவில் மினுமினுப்பாக மட்டும் காட்டுவது பார்க்கிறவரை ஏமாற்றுவதாகும். நிரலிலேயே இதற்கு வழி உண்டு. பொதுவாக ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது நிரல் படத்தை வரையும் ஒவ்வொரு முறையும், பின்னணியை அழித்துவிட்டுப் புதிதாக வரைவோம். அந்த வரியை எடுத்துவிட்டால், வரைந்ததெல்லாம் அப்படியே தங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். எண்ணூரைச் செய்கிறீர்களென்றால் கறை அழியாமல் சேரட்டும். அழகு குறைந்தால் குறையட்டும்.

ரேண்டம் எண்கள் தொடங்கும் விதை எண்ணைச் சேமிக்காமல் விடாதீர்கள். கோப்பின் பெயரிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நன்றாக வந்த படத்தைத் திரும்ப உருவாக்கவே முடியாது. ஒரே இரவில் வந்த நூறு படங்களையும் வெளியிடவும் வேண்டாம். மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

கடைசியாக அச்சு. இன்ஸ்டாகிராமுக்கான 1080×1350 பிக்சல் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் சுமார் 9×11 சென்டிமீட்டர்தான் வரும். ஏ3 தாளுக்கு 3508×4961 பிக்சல் வேண்டும், ஆகவே நிரலைத் தொடங்கும்போதே அந்த அளவை வைத்துவிடுங்கள். கோடுகள் மட்டுமே என்றால் எஸ்விஜி-யாகச் சேமியுங்கள்; அது கோட்டைப் பிக்சலாக இல்லாமல் கணக்காக வைத்துக்கொள்ளும் கோப்பு வகை என்பதால் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாது. திரையில் ஒளிரும் வலைப் பச்சை, நான்கு மைகளைக் கலந்து அச்சடிக்கும்போது மங்கிவிடும். முதலில் ஒரு சிறு துண்டை அடித்துப் பாருங்கள். மங்கியிருந்தால் பச்சையை ஏற்றப் போராட வேண்டாம், அதைச் சுற்றியுள்ள நிறங்களை இறக்குங்கள், பச்சை தானாக மேலே வரும்.