பழைய மடிக்கணினியின் ப்ராசஸர் இன்னும் போதுமா? நீங்களே சோதித்துப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா போன மாதம் தம் மகளின் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். "ப்ராசஸர் பழையது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மகள் பி.காம். மாணவி. தட்டச்சு, கணக்கு அட்டவணை, இணைய வகுப்பு, யூடியூப், இவ்வளவுதான் அவள் வேலை. இதற்காக ஒரு நல்ல கணினியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் சோதித்த வழியை அப்படியே தருகிறேன்.

படி 1: எண்ணைப் படியுங்கள்

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் கடைசியாக அபௌட். அங்கே ப்ராசஸரின் பெயர் இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது இன்டெல் கோர் ஐ5-5200யூ. 'ஐ5' என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வயதைச் சொல்வது பின்னால் வரும் எண்தான். 5200 என்றால் ஐந்தாம் தலைமுறை, 2015-இல் வந்தது, இரண்டு கோர் (கணக்கிடும் பகுதி). எண் 10, 11, 12 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2017-இல் வந்த ஐ5-8250யூ-வில் கோர்கள் நான்காயின. பழைய கணினி வாங்கப் போகிறவர்களுக்கு நான் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை. கையில் இருப்பதைக் காப்பாற்றுவது வேறு விஷயம்.

படி 2: வேலை நடக்கும்போது கவனியுங்கள்

கணினியைத் திறந்து பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு வழக்கமாகத் திறப்பவை அனைத்தையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மென்ஸ் பக்கம்.

எங்களுக்குத் தெரிந்தது இது: சிபியு (ப்ராசஸர்) 25 சதவீதம், மெமரி (ரேம்) 90, டிஸ்க் 100.

அடுப்பு எரிகிறது, அரிசிதான் வந்து சேரவில்லை. உள்ளே இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு சிறு தகவலுக்கும் அதன் முள் இடம்விட்டு இடம் நகர வேண்டும். 4 ஜிபி ரேம் நிறைந்தவுடன் மீதியை விண்டோஸ் அதே டிஸ்க்கில்தான் இறக்கி வைக்கிறது. அதனால் நெரிசல் இரட்டிப்பாகிறது. ப்ராசஸர் பாவம், காத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் திரையில் சிபியு விடாமல் 100-இல் நின்றால், எந்த மென்பொருள் அதை இழுக்கிறது என்று ப்ராசஸஸ் பட்டியலில் பாருங்கள். சிபியு பகுதியில் 'ஸ்பீடு' என்ற எண்ணையும் கவனியுங்கள். வேலை அதிகமாக இருக்கும்போதும் அது 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே கிடந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். விசிறியில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்து, ப்ராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். இந்த ஊரின் கட்டடத் தூசிக்கு இது அவசியம்.

படி 3: குறையை மட்டும் மாற்றுங்கள்

கோப்புகளை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) ஒன்றும், கூடுதலாக 4 ஜிபி ரேம் ஒன்றும் வாங்கிப் பொருத்தினோம். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்: இந்த வயதுக் கணினிகளில் பெரும்பாலும் டிடிஆர்3எல் வகை ரேம்தான் இருக்கும், அதற்குப் பின் வந்த டிடிஆர்4 வகை அந்த இடத்தில் பொருந்தாது. சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது.

முன்பு மூன்று நிமிடம் எடுத்த கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது.

படி 4: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

யூடியூப் அதிகம் பயன்படுத்தும் விபி9 என்ற வீடியோ வடிவத்துக்கு முழுமையான வன்பொருள் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் 720பி-யில் பாருங்கள், விசிறி அமைதியாகும். வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் போன்றவை தினசரி வேலையென்றால் புதிது வாங்குவதே சரி.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவினோம். அது இலவசம், தமிழிலும் தட்டச்சு செய்யலாம். கல்லூரி எக்ஸெல் கேட்டால் பிரவுசரிலேயே திறக்கிறாள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டுக்கொடுத்தேன். அக்கா வீட்டுக் கல்யாணப் படங்களின் இரண்டாவது பிரதி இப்போது அதில் இருக்கிறது.