ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம்: தூரமும் உண்மையான பயண நேரமும்

ரொறன்ரோவில் இருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். எங்காவது ஓரிடத்தில் விமானம் மாறித்தான் ஆகவேண்டும். டுபாய் வழியாகப் போனால் 11,100 கிலோமீற்றரும் 3,300 கிலோமீற்றரும். லண்டன் வழியென்றால் 5,700-ம் 8,700-ம். கூட்டிப் பாருங்கள், இரண்டும் 14,400 அளவில்தான் வரும். எந்தப் பாதை கிட்ட என்று மண்டையை உடைக்க வேண்டாம். பறக்கிற நேரம் எப்படியும் பதினேழு, பதினெட்டு மணித்தியாலம். இடையில் எவ்வளவு நேரம் குந்தியிருக்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். அந்த இடைவெளி இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவென்றால், மலிவு ரிக்கெற் என்றாலும் விட்டுவிடுங்கள். பனி கொட்டி முதல் விமானம் பிந்தினால் அடுத்தது போய்விடும்.

ரிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 8 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் 34 மணித்தியாலம் போலத் தெரியும். குளிர்காலத்தில் இலங்கை ரொறன்ரோவை விடப் பத்தரை மணித்தியாலம் முந்தியது. கழித்தால் இருபத்து மூன்றரைதான். கோடையில் இந்த வித்தியாசம் ஒன்பதரை. நள்ளிரவு தாண்டி இறங்குவோர் இன்னும் கவனம். ஞாயிறு 12.30 என்றால் உங்களை ஏற்ற வரும் வான் வண்டி சனி இரவே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்க வேண்டும். "ஞாயிறு வாறன்" என்று மட்டும் சொன்னால் ஊரில் இருப்பவர்கள் ஞாயிறு இரவுதான் வந்து நிற்பார்கள்.

சரி, இறங்கியாச்சு. ஆளை முறிப்பது இதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்துக்கு வானில் ஆறேழு மணித்தியாலம், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து இரவு பஸ் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட. கால் வீங்கிய ஆளை அப்படியே வானில் ஏற்றி ஏ-9 வீதியில் கொண்டுபோவது பாவம்.

மற்ற வழி சென்னை. யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட உள்ள பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. சென்னையில் இருந்து பலாலிக்கு நேர்கோட்டில் 360 கிலோமீற்றர்கூட இல்லை; ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து யாழ் நகரம் அரை மணித்தியாலச் சொச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சென்னை வரை ஒன்று, பலாலிக்கு ஒன்று என்று தனித்தனி ரிக்கெற் எடுத்தவர்கள் சென்னையில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். திரும்பும்போதும் அதே வழி என்றால் இரண்டு தரம் உள்நுழைய அனுமதிக்கும் விசாவாகப் பாருங்கள். ஓடுவது சின்னக் காற்றாடி விமானம். கனடாவில் இருந்து 23 கிலோப் பெட்டி இரண்டில் சொக்லேற்றும் கோடாலித் தைலமும் அடைத்துக்கொண்டு வந்தால், மேலதிக எடைக்குக் கட்டும் காசில் கொழும்பில் இருந்து வானே பிடித்திருக்கலாம். சாமான் குறைவாக, பத்து நாள் லீவில் வருபவருக்குச் சென்னை நல்லது. குடும்பமாக வருபவர்களுக்கு என் வாக்கு கட்டுநாயக்காவுக்குத்தான்.

திரும்பும்போது அதிகாலை 3 மணி விமானம் என்றால் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுங்கள். மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வழியில் தேத்தண்ணிக்கும் நிப்பாட்டுவார்கள்.