ஆலோசகரின் அணுகுமுறையை வீட்டில் கைக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையொன்றில், உதவி தேடி வருபவரிடம் மாற்றம் நிகழ வேண்டுமானால் ஆலோசகரிடம் மற்றவர் நிலையில் நின்று உணரும் ஒத்துணர்வும், நிபந்தனையற்ற ஏற்பும், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத உண்மைத்தன்மையும் இருக்க வேண்டும் என்றார். வீட்டில் நாம் இவற்றைப் பழக முயலும்போது, பெரும்பாலும் ஆலோசகரின் பேச்சு மட்டுமே வந்து சேர்கிறது.

நான் அடிக்கடி காணும் பெரிய தவறு, ஏற்பதையும் அனுமதிப்பதையும் ஒன்றாகக் கருதுவது. தம்பியை அடிக்கக் கை ஓங்கும் ஐந்து வயதுச் சிறுமியின் கோபத்தை ஏற்க வேண்டும். அடியை ஏற்க வேண்டியதில்லை. விளையாட்டின் மூலமே குழந்தையின் மனத்துக்கு உதவும் விளையாட்டுவழிச் சிகிச்சையில் கேரி லாண்ட்ரெத் கற்பித்த முறைப்படி முதலில் உணர்வைச் சொல்லி, அடுத்து எல்லையைச் சொல்லி, பிறகு மாற்று வழி காட்ட வேண்டும்: “தம்பி பொம்மையைப் பிடுங்கிட்டான்னு உனக்குக் கோபம் வருது. ஆனா தம்பியை அடிக்கக் கூடாது. வேணும்னா இந்தத் தலையணையைக் குத்து.” நம் வீடுகளில் முன்னும் பின்னும் உதிர்ந்து, “அடிக்காதே” என்பது மட்டும் எஞ்சிவிடுவதால், தன் கோபத்தை என்ன செய்வது என்று குழந்தைக்குத் தெரியாமலே போகிறது.

அடுத்தது, கேட்பதற்கு முன்பே தேற்றுவது. ரோஜர்ஸின் மாணவர் தாமஸ் கார்டன், பேச்சை அடைத்துவிடும் பன்னிரண்டு தடைகளைப் பட்டியலிட்டபோது, மிரட்டலோடு அறிவுரையையும் ஆறுதலையும் சேர்த்தார். அதற்காக, சொன்னதையே கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொன்னாலும் பயனில்லை.

பெரியவர்களிடம் வேறொரு தவறு நேர்கிறது. “உங்க அப்பா மேல இருக்கிற கோபத்தைத்தான் என்கிட்ட காட்டுறீங்க” என்று கணவரை ஆராயும் மனைவியும், எரிச்சலை மறைத்துக்கொண்டு பொறுமையாகப் புன்னகைக்கும் கணவரும் துணை என்ற இடத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். ஆலோசகருக்குக் குறித்த நேரம் உண்டு. அவர் தம் குறையை அங்கே சொல்வதில்லை. இல்லறத்தில் இருவருக்கும் சொல்ல இடம் வேண்டும். நாள் முழுவதும் அத்தகைய கவனத்தைத் தருவதும் இயலாது. 1960-களில் பெர்னார்ட், லூயிஸ் கெர்னி தம்பதியர் பெற்றோருக்கே விளையாட்டுவழிச் சிகிச்சையைக் கற்பித்தபோதும், வீட்டில் அதற்கெனத் தனி விளையாட்டு நேரத்தையே ஒதுக்கச் செய்தார்கள்.

பொறுமை இழந்து கத்திவிட்டால், “நான் கத்தினது தப்பு” என்பதோடு நிறுத்துங்கள், “ஆனா நீயும்...” என்று தொடர வேண்டாம். வீட்டில் ஒருவர் சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நாமே கேட்டுச் சரிசெய்துவிடலாம் என்று காத்திராமல், அவரைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸிலும் உடனே பேசலாம்.