சால்வரை ஓட்டும் முன் இஃபை எடுத்துவிடுங்கள்

மாதாமாதம் ஆள் கணக்கும் உற்பத்திக் கணக்கும் போடுவது என் வேலை. செல்களின் எண்களை மாற்றிப் பார்த்து, குறைந்த செலவுக்கான விடையைத் தேடித் தரும் கருவி எக்செல் சால்வர். அதில் இதைப் போடும்போது பலரும் செலவு செல்லில் ஒரு இஃப் (இப்படி என்றால் இது, இல்லையென்றால் அது என்னும் ஃபார்முலா) எழுதிவிடுகிறார்கள்: ஆள் கூடினால் தலைக்கு 500, குறைந்தால் தலைக்கு 800. போன மாதம் 20 பேர் என்றால், செலவுக் கோடு 20-இல் சடாரென்று மடங்கும். சால்வரில் விடை தேட மூன்று முறைகள்: ஜிஆர்ஜி, சிம்ப்ளெக்ஸ் எல்பி, எவல்யூஷனரி. ஜிஆர்ஜி முறை சரிவைப் பார்த்து நகர்வது. மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் வேறு சரிவு. அதனால் அங்கேயே நின்றுவிடலாம், தொடக்க எண்ணை மாற்றினால் விடையும் மாறலாம். நேர்கோட்டுக் கணக்குகளுக்கு மட்டுமான சிம்ப்ளெக்ஸ் எல்பி-யோ, கணக்கு நேர்கோட்டில் இல்லை என்று மறுத்துவிடும். உடனே, பல விடைகளைப் போட்டுப் பார்த்துத் தேடும் எவல்யூஷனரிக்குத் தாவாதீர்கள்.

மாதத்துக்கு ஒரு வரிசை போடுங்கள். அதில் 'சேர்ப்பு', 'நீக்கம்' என்று இரண்டு தனி செல்கள். இரண்டையும் சால்வரே மாற்றட்டும். இந்த மாத ஆட்கள் = போன மாத ஆட்கள் + சேர்ப்பு − நீக்கம். செலவு = 500 × சேர்ப்பு + 800 × நீக்கம். இஃப் போயே போச்சு, சிம்ப்ளெக்ஸ் ஓடும். ஒரே மாதத்தில் 3 பேரைச் சேர்த்து 3 பேரை நீக்குமோ என்ற பயம் வேண்டாம். அது 3,900 வீண். குறைந்த செலவைத் தேடுகிற சால்வர் அதைத் தொடாது. மாறும் செல்களில் மைனஸ் எண் வராமல் தடுக்கும் பெட்டியில் மட்டும் டிக் இருக்கட்டும். ஓவர்டைமுக்கு மேக்ஸ் (இரண்டில் பெரியதை எடுக்கும் ஃபார்முலா) போட்டிருந்தால் அதற்கும் தனி செல்: சாதாரண நேரம் + ஓவர்டைம் ≥ தேவையான நேரம். கையிருப்பும் பாக்கி ஆர்டரும் இப்படியே பிரியும்.

இரண்டாம் ஷிஃப்டைத் திறந்தாலே 3,000 ஆகும் என்பது போன்ற செலவுக்கு இது போதாது. 0 அல்லது 1 மட்டும் எடுக்கிற பைனரி செல் ஒன்று வேண்டும். ஷிஃப்ட் உற்பத்தி ≤ 400 × பைனரி. செலவில் 3,000 × பைனரி. அந்த 400, ஷிஃப்டால் உண்மையிலேயே முடிகிற அளவாக இருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கோடி போட்டால், பைனரி செல்லில் வரும் 0.0000003 என்ற துளியை சால்வர் 0 என்று ஏற்றுக்கொண்டு, ஷிஃப்டே திறக்காமல் 3 உருப்படி செய்ததாகக் காட்டலாம்.

ஆட்களை முழு எண் என்று கட்டியதும் ஆப்ஷன்ஸில் இன்டிஜர் ஆப்டிமாலிட்டியைப் பாருங்கள். இயல்பாக 1 சதவீதம் இருக்கும். அதாவது சிறந்த விடைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தாலே நின்றுவிடும். 0 ஆக்குங்கள். நீக்கம் செல்லில் வரும் ஒவ்வொரு எண்ணும் ஒருவருடைய பிழைப்பு. அந்த 1 சதவீதத்துக்குள் ஒரு ஆளின் வேலை போய்விடக் கூடாது.

லுக்கப் டேபிள் மாதிரி எதையும் பிரித்து எழுத முடியாத செலவு இருந்தால், அப்புறம்தான் எவல்யூஷனரி. மாறும் செல் எல்லாவற்றுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை கொடுங்கள். சிம்ப்ளெக்ஸ் தந்த தோராய விடையிலிருந்து தொடங்கி, சில முறை ஓட்டி, வந்ததில் குறைந்ததை எடுங்கள். அதற்கும் கீழே விடை இல்லை என்று எவல்யூஷனரி உறுதி தராது.