ஸ்டோர் அறை வாடகை: வருமான வரிக்குப் பாரம் பி-யா, பிஇ-யா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைவீட்டின் பின்கட்டைத் தடுத்து 6 ஸ்டோர் அறைகள். மாதம் தலா 80 ரிங்கிட். ஆண்டுக்கு 5,760. என் கணக்கில் 6,720 என்று வந்தது. ரசீதுப் புத்தகத்தை வரிவரியாகப் பார்த்ததில் பிழை தெரிந்தது: ஓர் அறைக்கு 160 வீதம் வாங்கிய முன்பணம் 960-ம் வாடகையோடு சேர்ந்திருந்தது. திருப்பித் தர வேண்டிய முன்பணம் வருமானம் ஆகாது. பாக்கிக்காக அதைப் பிடித்துக்கொண்டால் மட்டும், அந்த ஆண்டு வருமானம்.

அடுத்தது பாரம். பூட்டும் சாவியும் கொடுத்து வாடகை மட்டும் வாங்கினால், வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 4(டி), அதாவது வாடகை வருமானம்: வேறு வியாபாரம் இல்லாதவருக்கு பாரம் பிஇ, கடைசி நாள் ஏப்ரல் 30. துப்புரவு, பராமரிப்பு, காவல் என்று நாமே முழுமையாகவும் தொடர்ந்தும் சேவை கொடுத்தால் பிரிவு 4(ஏ) வியாபாரம்: பாரம் பி, கடைசி நாள் ஜூன் 30.

4(டி)-யில் கழிக்கக்கூடியவை: நிலவரி, மதிப்பீட்டு வரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு, கடன் வட்டி. அசலைக் கழிக்க முடியாது. முதல் வாடகையாளரைப் பிடிக்கக் கொடுத்த கமிஷனும் விளம்பரச் செலவும் கழியாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருங்கள். மங்கும் தாளை உடனே நகலெடுங்கள்.